பாலிசிப் பணம் யாருக்குச் சொந்தம்?

 

சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவருடைய தம்பி சவூதியில் வேலை பார்த்த இடத்தில் மாரடைப்பால் மவ்த்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தம்பிக்கு மனைவியும், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். தகப்பனார் முன்பே காலமாகிவிட்டார். தாயார் இருக்கிறார். வேறு உடன்பிறப்புகள் கிடையாது.

தம்பி வெளிநாடு செல்வதற்கு முன், நிக்காஹ் ஆவதற்கும் முன், ஓர் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்திருந்தார். தாயாருக்குக் கையெழுத்துப் போட வராது, வங்கிக் கணக்கும் அப்போது இல்லை என்பதால் நாமினி என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுதினார். பிறகு நிக்காஹ் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன. ஒன்பது ஆண்டுகள் பணம் கட்டினார். நாமினியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. இப்போது போனஸோடு சேர்ந்து 12 இலட்சம் ரூபாய் அண்ணன் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், "நாமினிக்குத்தான் பணம்" என்று சொன்னார்களாம். கடிதத்தின் கடைசி வரிகளை நாம் இரண்டு மூன்று முறை படித்தோம். "தம்பிக்கு விசா எடுக்க 80 ஆயிரம் கொடுத்தது நான்தான். உம்மாவும் என்னோடுதான் இருக்கிறார்கள். இந்தப் பணம் எனக்கு ஹலாலா?" என்று கேட்டிருக்கிறார்.

ஊரும் பெயரும் நமக்கு எதற்கு? ஆனால் இந்தக் கடிதத்தை அவருக்கு மட்டும் பதில் எழுதி மூடிவைக்க மனம் வரவில்லை. பாலிசி எடுக்கலாமா கூடாதா என்று ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நின்று விவாதிக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். எடுத்த பாலிசியில் யார் பெயரை எழுதினோம், அது மார்க்கப்படி சரிதானா என்று கேட்கிறவர்களை நாம் அதிகம் பார்த்ததில்லை.

முதலில், எடுக்கலாமா என்ற கேள்வி.

இது நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கல். ஆகவே இதைப் பெயர் சொல்லித் தடுத்த ஆயத்தும் இல்லை, ஹதீஸும் இல்லை. உலமாப் பெருமக்கள் இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஹுக்மு சொன்னார்கள். திமிஷ்கில் வாழ்ந்து 1836-ல் மறைந்த ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் சரக்குகளுக்காக வணிகர்கள் செலுத்திய 'ஸூகரா' எனும் காப்புப் பணத்தைப் பற்றித் தம் ரத்துல் முஹ்தாரில் ஆராய்ந்திருக்கிறார்கள். சரக்கு அழிந்தால் அதற்கு ஈடாக அந்த ஒப்பந்தக்காரனிடம் பணம் வாங்குவது வியாபாரிக்கு ஆகுமானதல்ல என்பது அவர்களின் முடிவு. அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் மூன்று குற்றங்களை எடுத்துக் காட்டினார்கள். எவ்வளவு கட்டுவோம், எவ்வளவு பெறுவோம், எப்போது பெறுவோம் என்பது எதுவும் தெரியாத கரர் (ஐயப்பாடு) இதில் இருக்கிறது. ஒரு தவணை கட்டியவன் இறந்தால் இலட்சங்கள் வருவதும், சில தவணை கட்டி நிறுத்தியவன் கட்டியதையே இழப்பதுமான சூதின் சாயல் இருக்கிறது. கட்டிய பணத்தைக் கம்பெனி வட்டிக் கடன் பத்திரங்களில் முடக்கி அதன் வருமானத்தைக் கூட்டித் தருவதால் வட்டியும் இருக்கிறது. வட்டியை விடாதவர்களுக்கு எதிராக அல்லாஹ்வும் அவன் ரஸூலும் போர் அறிவிப்பதாகத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் எச்சரிப்பதை நாம் அறிவோம்.

ஜித்தாவில் 1985 டிசம்பரில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, இலாப நோக்கில் நடத்தப்படும் வியாபாரக் காப்பீடு ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் எண்ணத்தில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு ஆகும் என்றும் தீர்மானித்தது. மறுபக்கத்தில், சிரியாவின் முஸ்தஃபா ஸர்க்கா (ரஹ்) போன்ற பெரிய அறிஞர் ஒருவர் காப்பீடு ஆகுமானதே என்று 1961-ல் திமிஷ்க் மாநாட்டிலேயே வாதாடினார். கரரும் சூதும் அதில் இல்லை என்பது அவர் கட்சி. வட்டியை மட்டும் அவரும் ஏற்கவில்லை.

நம் நாட்டு நிலைமை வேறு. வகுப்புக் கலவரத்தில் ஒரே இரவில் கடையும் வீடும் சாம்பலாகி, சம்பாதித்தவனும் போய்ச் சேர்ந்துவிட்ட குடும்பங்களைக் கண்ணால் கண்ட உலமாக்கள் இங்கே இருக்கிறார்கள். அதனால்தான் லக்னோ நத்வத்துல் உலமாவின் ஷரீஅத் ஆய்வு மஜ்லிஸ் 1965-லும், இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1990-களின் தொடக்கத்திலும், இதிலுள்ள குற்றங்களை ஒப்புக்கொண்டே, இந்நாட்டு முஸ்லிம்களின் நெருக்கடியைக் கருதி உயிருக்கும் பொருளுக்கும் காப்பீடு செய்ய இடம் தந்தன. இதை நிர்ப்பந்தத்திற்கான சலுகையாகவே நாம் விளங்குகிறோம்.

நம்முடைய கருத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பணத்தைப் பெருக்கும் வழி என்று நினைத்து ஆயுள் பாலிசி எடுப்பதற்கு மார்க்கத்தில் நாம் இடம் காணவில்லை. சேமிப்பு எதுவும் இல்லாத 'டெர்ம்' பாலிசியில் வட்டியின் பங்கு குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் உயிரோடிருந்தால் ஒன்றும் திரும்பாது, இறந்தால் பெருந்தொகை என்னும்போது மற்ற இரண்டு குற்றங்களும் அதில் இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரிகின்றன. உண்மையான நெருக்கடியில் இருப்பவர் தம் மஹல்லாவின் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லி, அவர் ஃபத்வாவின்படி நடக்கட்டும். அப்படி எடுத்தவரைப் பார்த்து, "ஹராம் தின்கிறான்" என்று பேசுவதற்கு நம்மில் யாருக்கும் உரிமை இல்லை. வண்டிக்கு அரசாங்கம் கட்டாயமாக்கியிருக்கும் இன்ஷூரன்ஸும், தொழிலாளி கேட்காமலே வேலைச் சட்டத்தின்படி அவன் பெயரில் சேரும் காப்பீடும் இந்த விவாதத்தில் வராது. அவை நம் விருப்பத்தில் நடப்பவையல்ல.

மலேசியாவில் 1984-ல் தகாஃபுலுக்கென்றே சட்டம் வந்தது. இலங்கைச் சகோதரர்களுக்கும் 1999 முதல் தகாஃபுல் நிறுவனம் வாய்த்திருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

இங்கே ஒரு வார்த்தை. "நமக்கு இன்ஷூரன்ஸ் எதற்கு? அல்லாஹ் பார்த்துக் கொள்வான்!" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போகிற சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வட்டியை விட்டு விலகியது நல்ல காரியம், அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக. ஆனால் விலகியதோடு கடமை தீர்ந்ததா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பலவீனமான பிள்ளைகளை விட்டுச் செல்ல நேர்ந்தால் அவர்கள் கதி என்னவாகும் என்று அஞ்சும்படி அந்நிஸா அத்தியாயம் நம்மைத் தட்டி எழுப்புகிறது. மக்காவில் நோயுற்றுக் கிடந்த ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் சொத்தையெல்லாம் தர்மம் செய்ய அனுமதி கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்பவில்லை. அந்த மூன்றில் ஒன்றே அதிகம் என்றார்கள். வாரிசுகளை மக்களிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிட வசதியோடு விட்டுச் செல்வதே மேல் என்று காரணமும் சொன்னார்கள். பாலிசி எடுக்காதவர் தம் சம்பாத்தியத்தில் மாதம் ஒரு சிறு தொகையை நிலமாகவோ நகையாகவோ ஹலாலான வியாபாரப் பங்காகவோ மனைவி மக்களுக்கு ஒதுக்கினாரா? கடன் பட்டியல் எழுதி வைத்தாரா? மனைவியின் மஹரைக் கொடுத்து முடித்தாரா? இவை எதுவும் இல்லாமல் தவக்குல் என்று மட்டும் சொன்னால், இத்தாவில் இருக்கும் அந்தப் பெண் அண்ணன் வீட்டுக்கும் மாமனார் வீட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டி வரும்.

கூட்டாகச் செய்யக்கூடியதும் உண்டு. யமன் தேசத்து அஷ்அரீ குலத்தார் உணவு குறைந்தால் கையிலிருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்களாம். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள், நான் அவர்களைச் சேர்ந்தவன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைப் புகழ்ந்த செய்தி புகாரியில் இருக்கிறது. இருநூறு வீடுகள் உள்ள ஒரு மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் வருடத்துக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் சேரும். கந்தூரிக்கும் பந்தலுக்கும் இதைவிட அதிகம் செலவழித்த ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இனி அண்ணனின் கேள்விக்கு வருவோம்.

உஹதுப் போரில் ஷஹீதானவர்களில் ஸஅது இப்னு ரபீஃ (ரலி) ஒருவர். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் இவருக்குச் சகோதரராக்கியபோது, தம் செல்வத்தில் சரிபாதியைத் தருகிறேன் என்று முன்வந்த கொடையாளி அவர். அப்படிப்பட்டவர் ஷஹீதானதும் என்ன நடந்தது? அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அறியாமைக் கால வழக்கப்படி பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பங்கே கிடையாது. ஸஅது (ரலி) அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களையும் கூட்டிக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து நின்றார். இவர்களின் தந்தை உங்களோடு சென்று ஷஹீதானார், சிறிய தந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிட்டார், பொருள் இல்லாமல் இவர்களை யார் மணமுடிப்பார் என்று முறையிட்டார். அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதன்பின் இறங்கியதுதான் அந்நிஸா அத்தியாயத்தின் பாகப்பிரிவினை ஆயத்து. உடனே அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, அவர்களின் தாய்க்கு எட்டில் ஒன்று கொடுக்கும்படியும், மீதியை அவர் எடுத்துக்கொள்ளும்படியும் உத்தரவிட்டார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரரே! அந்தச் சம்பவத்தில் இருந்த ஆட்களையும் உங்கள் வீட்டிலிருப்பவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விதவை, இரண்டு பெண்கள், ஒரு சகோதரர். உங்கள் வீட்டில் தாயாரும் இருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று ஊர் வழக்கம் அவர் கையில் சொத்தைக் கொடுத்தது, இன்று ஒரு படிவத்தின் ஒரு கட்டம் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

நாட்டுச் சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. நாமினி என்பவர் பணத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கும் கை மட்டுமே, வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் தீர்ப்புச் சொன்னது. 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக எழுதப்பட்டிருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று ஆக்கினார்கள். இது வாரிசுரிமைச் சட்டத்தை வென்றுவிடுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. எப்படியானாலும் அந்தப் பட்டியலில் சகோதரர் இல்லை. நீங்கள் வாங்கியது அமானத்.

இந்த 2015 திருத்தத்தால் நம்மவர்களுக்கு வேறொரு சோதனை வந்திருக்கிறது. மனைவி பெயரை மட்டும் எழுதினால் சட்டம் முழுப் பணத்தையும் அவளுக்கே தரக்கூடும். தாய் பெயரை மட்டும் எழுதியிருந்தால் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். சட்டம் கொடுத்தது என்பதற்காக ஒருவருடைய பங்கு இன்னொருவருக்கு ஹலாலாகாது. நாமினேஷனை ஹிபா என்று சொல்லவும் வழியில்லை. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை எதையும் கைமாற்றிக் கொடுக்கவில்லை, நினைத்தால் மாற்றிவிடலாம். ஆகவே அது மரணத்துக்குப் பின் நடக்கும் வஸிய்யத்தின் இடத்தில்தான் நிற்கிறது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நாயக வாக்கு. மற்ற வாரிசுகள் மனமொப்பினால் செல்லும். ஆனால் பருவமடையாத பிள்ளைகளின் ஒப்புதல் ஒப்புதலாகாது, அவர்களுக்காகப் பெரியவர்கள் விட்டுக் கொடுக்கவும் முடியாது.

இப்போது கணக்கு. மொத்தத்தை 24 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். பெண்மக்கள் இருவருக்கும் 16. தாயாருக்கு ஆறில் ஒன்று, அதாவது 4. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 3. மீதி இருப்பது 1, அது உங்களுடையது. 12 இலட்சத்தில் ஒரு பங்கு 50 ஆயிரம். பெண்களுக்கு ஆளுக்கு 4 இலட்சம், தாயாருக்கு 2 இலட்சம், மனைவிக்கு ஒன்றரை இலட்சம், உங்களுக்கு 50 ஆயிரம்.

இது பாலிசிக்கு இடம் தரும் உலமாக்களின் கருத்தைப் பின்பற்றினால் வரும் கணக்கு. கூடாது என்போர் கருத்தின்படி, தம்பி கட்டிய பணம் மட்டுமே அவர் சொத்து. நீங்கள் எழுதியபடி வருடம் 40 ஆயிரமாக ஒன்பது வருடம் என்றால் 3 இலட்சத்து 60 ஆயிரம். அதில் ஒரு பங்கு 15 ஆயிரம். அதற்கு மேல் வந்ததை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த விதவையும் எத்தீம் பிள்ளைகளும் ஏழைகளாகவே இருந்தால் அவர்களுக்கும் அது சேரலாம் என்று அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்த வழியில் கணக்குப் போட்டாலும் உங்கள் பங்கு இருபத்து நான்கில் ஒன்றுதான்.

80 ஆயிரத்தை நாம் மறக்கவில்லை. அதைக் கடன் என்று சொல்லிக் கொடுத்தீர்களா, தம்பி ஒப்புக்கொண்டாரா, சாட்சியோ எழுத்தோ இருக்கிறதா? அப்படியானால் பாகம் பிரிப்பதற்கு முன்பே அதை எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, மீதியைத்தான் 24 ஆக்க வேண்டும். அண்ணன் என்ற பாசத்தில் கொடுத்த உதவி என்றால் அதன் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, தம்பியின் பிள்ளைகளிடம் இல்லை. எது என்று உங்கள் உள்ளத்துக்குத் தெரியும். இன்னொன்றும் கேட்கிறோம், கோபிக்க வேண்டாம். உங்கள் தம்பி மனைவியின் மஹர் கொடுக்கப்பட்டுவிட்டதா? நிக்காஹ் தஃப்தரில் எழுதியதோடு நின்றுபோன மஹர் நம் ஊர்களில் ஏராளம். அதுவும் உங்கள் 80 ஆயிரத்தைப் போலவே கடன், அதே வரிசையில் நிற்கும் கடன். அந்தப் பெண் உங்களை மச்சான் என்று அழைத்துக் கேட்க வெட்கப்படலாம். நீங்களே தஃப்தரைத் திறந்து பாருங்கள்.

தாயார் உங்களோடு இருப்பதால் அவர்கள் பங்கு உங்களுக்கு ஆகிவிடாது. 4 பங்கை அவர்கள் கையில் கொடுங்கள். அதன்பின் அவர்களாக மனமுவந்து கொடுத்தால் அது வேறு விஷயம். பிள்ளைகளின் பங்கை அவர்கள் பருவமடையும்வரை யார் பாதுகாப்பது என்பதை ஜமாஅத் பெரியவர்கள், ஆலிம், உங்கள் தம்பியின் மாமனார் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்யுங்கள். எத்தீமின் பொருளை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே கொட்டிக் கொள்கிறார் என்று குர்ஆன் சொல்லும் இடம், பாகப்பிரிவினை ஆயத்துக்கு நேர் முந்திய ஆயத்துதான்.

பாலிசி ஏற்கெனவே வைத்திருக்கும் மற்றவர்களுக்கு: பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பிராவிடண்ட் ஃபண்டில் கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போகும், மறுபடி எழுத வேண்டும். பாலிசியில் அப்படி எதுவும் கிடையாது, நீங்கள் மாற்றும்வரை பழைய பெயர்தான். தலாக் ஆகிப் பல வருடமான மனைவியின் பெயர் இன்னமும் இருக்கும் பாலிசிகளை நாம் அறிவோம். பருவமடையாத பிள்ளையை எழுதினால் அதன் சார்பில் பணம் வாங்க ஒரு பொறுப்பாளர் பெயரும் எழுத வேண்டும். பிள்ளைகளின் தாயையே வஸிய்யாக நியமிக்கத் தகப்பனுக்கு ஷரீஅத்தில் தடை இல்லை. நாமினிகளைச் சதவீதம் போட்டுப் பிரித்து எழுதவும் படிவத்தில் இடமுண்டு. ஆனால் யார் முந்துவார், யார் பிந்துவார், இன்னும் எத்தனை பிள்ளை பிறக்கும் என்பதை அல்லாஹ்தான் அறிவான். இன்றைய பங்கு நாளைக்குப் பொருந்தாது. நம்பிக்கையான ஒருவரை நாமினியாக்கி, "இவர் வாங்குவது என் வாரிசுகளுக்காக, கடன் போக மீதியை ஃபராயிள் முறைப்படி பிரிக்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் வைத்து, ஒரு பிரதியை வீட்டிலும் ஒரு பிரதியைப் பள்ளிவாசல் அலுவலகத்திலும் வைப்பது நமக்குத் தெரிந்த நல்ல வழி. சொல்லி வைக்க வேண்டிய விஷயம் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற ஹதீஸை இப்னு உமர் (ரலி) கேட்ட நாள் முதல், அவர்களின் வஸிய்யத் எழுதப்படாமல் ஓர் இரவும் கழியவில்லையாம்.

பாலிசி இருப்பதே மனைவிக்குத் தெரியாத வீடுகளும் உண்டு. எண் எது, எந்த அலுவலகம் என்று அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

கடிதம் எழுதிய சகோதரருக்கு மேலே சொன்ன கணக்கைத் தனியாகவும் எழுதி அனுப்பியிருக்கிறோம். 80 ஆயிரம் கடனானால் ஒரு தாள், உதவியானால் ஒரு தாள் என்று இரண்டாக எழுதி, மஹருக்கான இடத்தை இரண்டிலும் காலியாக விட்டிருக்கிறோம். அந்த இடத்தை அவர்தான் நிரப்ப வேண்டும்.